தலைமை ஆசிரியையின் மகள்

ஜனவரி 8

என் வாயாடிக் கண்ணுக்கு,

பாட்டி எழுதுவது. முழங்கால் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் எனக்குச் சுகம். உன் சுகத்தைப் பதிலில் முதல் வரியிலேயே எழுது, கடைசிக்குத் தள்ளாதே.

முதலில் நல்ல சேதிகள். உன் மாமாவின் பெரியவன் பாலம் கட்டும் கம்பெனியில் மேற்பார்வை இன்ஜினியர் ஆகிவிட்டான். இனி அவன் வெயிலில் நிற்க வேண்டாம், மற்றவர்களை நிற்க வைத்தால் போதும். அவன் தங்கை பல் டாக்டர் படிப்பை முடித்த கையோடு அவள் அப்பாவின் பல்லையே பிடுங்கிவிட்டாள். வலித்ததா என்று கேட்டால் உன் மாமா வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டுகிறான். கடைக்குட்டி நீச்சலில் இரண்டாவதாக வந்தான். முதலாவதாக வந்தவனுக்குக் கால் ரொம்ப நீளமாம், அதனால் நம் பையன்தான் முதல் என்று நான் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

இத்தனை பேருக்கும் மேலே நீ. சொந்தமாக அறை எடுத்து, வாசலில் பெயர்ப்பலகை மாட்டி, மனசு டாக்டராக உட்கார்ந்துவிட்டாய் என்று பெரியவன் சொன்னான். கம்ப்யூட்டரில் உன்னைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறதாம். அதை அச்சடித்தும் கொடுத்தான். அவனுக்குப் படிக்க நேரமில்லை, எனக்கு ஆங்கிலம் வராது. ஆனால் மேலே உன் பெயரும் அதற்குப் பின்னால் வரிசையாகப் படிப்பெழுத்துகளும் இருப்பது தெரிந்தது. அடியில் எத்தனை வரிகள்! இத்தனை வரி எழுதும் அளவுக்கு நம் குடும்பத்தில் யாரைப் பற்றியும் இருந்ததில்லை.

நான் சும்மா இருப்பேனா? ஜெராக்ஸ் கடைக்குப் போய் ஒரு கட்டு எடுத்து வந்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் நானே என் கையால், “இவள் என் பேத்தி. பெண்கள் பள்ளித் தலைமை ஆசிரியையின் ஒரே மகள்” என்று எழுதினேன். ஐந்தாம் வகுப்போடு நின்றாலும் என் கையெழுத்துக்கு அப்போதே பரிசு கிடைத்தது, உனக்குத் தெரியும். மருந்துக்கடையில் கொடுத்தேன். பல் ஆஸ்பத்திரியில் ஆட்கள் காத்திருக்கும் இடத்தில் வைத்தேன். நம் கட்டடத்து லிஃப்டுக்குள் ஒட்டினேன். உன் அம்மாவின் பள்ளி வாட்ச்மேனிடம் ஒன்றைக் கொடுத்து, நோட்டீஸ் போர்டில் நடுவாகக் குத்தச் சொன்னேன். உன் அம்மா பயிற்சி என்று வெளியூர் போயிருக்கிறாள். திங்கள்கிழமை பள்ளிக்கு வந்து பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று அவளிடம் மூச்சு விடவில்லை.

இப்போது ஒரு சங்கடம். கீழ்வீட்டுக்காரி, உன் பேத்தி ஊசி போடுவாளா, மாத்திரை தருவாளா என்று கேட்கிறாள். இரண்டும் இல்லை, பேசுவாள் என்றேன். பேசுவதற்கு எதற்கு அறை என்கிறாள். போனில் பேசினால் எனக்கு இரைச்சல்தான் கேட்கிறது. வலது காது அருகே வந்து பேசினால்தான் உண்டு. அதனால் நீ அங்கே என்னதான் செய்கிறாய் என்று விவரமாக எழுது. நான் நாலு பேருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பெருமை தாங்காத
உன் பாட்டி

*

ஜனவரி 19

அன்புள்ள அம்மாவுக்கு,

நலமா என்று கேட்கும் தைரியம் இல்லை. கேட்காமல் ஆரம்பிக்கவும் தெரியவில்லை. நலமா அம்மா?

பாட்டியின் கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது. நீங்கள் பள்ளிக்குத் திரும்பிய திங்கள்கிழமை எப்போதோ போய்விட்டது. காலையிலிருந்து போன் செய்கிறேன். மணி அடித்து நின்றுவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

மனநல ஆலோசகர்கள் இந்த வேலைக்கு எப்படி வந்தோம் என்று தங்கள் இணையப் பக்கத்தில் எழுதுவார்கள். நான் படிப்பையும் பயிற்சியையும் எழுதிவிட்டு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அப்பா இறந்த மறுவருடம் என் தாய் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார், அப்போது எனக்குப் பதின்மூன்று வயது என்று எழுதினேன். அந்தப் பள்ளி வருடம் முழுக்க நானே சமைத்தேன், அவருடைய விடுப்புக் கடிதங்களில் அவர் கையெழுத்தை நானே போட்டேன், போனில் கேட்டவர்களிடம் அம்மா குளிக்கிறார் என்று சொன்னேன், கதவுக்கு வெளியே உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்தேன் என்றெல்லாம் எழுதினேன். பேசாமல் ஒருவர் அருகில் இருப்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன் என்று முடித்தேன்.

உங்கள் பெயரையோ பள்ளியையோ எழுதவில்லை. இது வேறு ஊர், இங்கே என் அம்மா யாரென்று யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். அடியில் பாட்டி ஒரு வரி எழுதிச் சேர்ப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பாட்டிக்கு அதில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. அவர்கள் மேல் கோபப்பட வேண்டாம். எல்லாவற்றையும் என் மேல் காட்டுங்கள். போனை மட்டும் எடுங்கள்.

உங்கள்
மகள்

*

ஜனவரி 19

அன்புள்ள பாட்டிக்கு,

நான் சுகம். முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், பாருங்கள்.

கீழ்வீட்டம்மாவிடம் நான் டாக்டர் இல்லை என்று சொல்லுங்கள். மாத்திரை வேண்டுமென்றால் வேறு ஒருவரிடம் அனுப்பிவிடுவேன். என் அறையில் ஜன்னலைப் பார்த்தபடி இரண்டு நாற்காலிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அவை பள்ளிப் பிள்ளைகளுக்கு. கண்ணைப் பார்த்துப் பேச வேண்டாம் என்றால்தான் அந்த வயதில் பேச்சு வரும். முதல் நாள் நான் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. மேஜையில் துண்டு துண்டாகச் சேர்த்து முழுப் படமாக்கும் விளையாட்டு பாதியில் கிடக்கும். அவர்களாக ஒரு துண்டை எடுத்துப் பொருத்துவார்கள். அப்பா அம்மா வெளியில்தான் இருக்க வேண்டும். நீ சொல்வது இந்த அறையைத் தாண்டாது, உன் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் தாண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன்.

பெரியவர்களுக்கு எதிரெதிர் நாற்காலி. அவர்கள் வரும்போதே ஒரு கதையைத் தயாராகக் கொண்டுவருவார்கள். பலரிடம் சொல்லிச் சொல்லி வழவழப்பான கதை. அது தீரும் வரை காத்திருப்பேன். அது தீர்ந்த பிறகு வரும் மௌனத்தில்தான் என் வேலை ஆரம்பம். பிள்ளைகளிடம் கதையே இருக்காது, பெரியவர்களிடம் அது தேவைக்கு மேல் இருக்கும். இவ்வளவுதான் வித்தியாசம்.

பாட்டி, ஒரு உதவி. பெரியவன் கொடுத்த அந்தப் பக்கத்தில் அச்சுப் பிழைகள் இருக்கின்றன. மிச்சம் உள்ளதை யாருக்கும் கொடுக்காதீர்கள். கொடுத்ததையும் திரும்ப வாங்கிவிடுங்கள். முக்கியமாகப் பள்ளியில் இருப்பதை. அம்மா பார்த்தார்களா? ஏதாவது சொன்னார்களா? உடனே எழுதுங்கள்.

உங்கள்
வாயாடி

*

பிப்ரவரி 5

வாயாடிக் கண்ணுக்கு,

எனக்குச் சுகம். உன் அம்மாவுக்குத்தான் சுகமில்லை. நீ பயப்படும்படி ஒன்றுமில்லை, அந்தப் பழைய முதுகுவலிதான். நீ எட்டாவது படிக்கும்போது ஒரு வருஷம் அவளைப் படுக்கையில் போட்டதாகப் பிறகு சொன்னாளே, அதே வலி. பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டாள். அறையை விட்டு வருவதில்லை. சாப்பாட்டைக் கொண்டுபோனால் “வச்சிட்டுப் போம்மா” என்பாள். அதையும் இப்போது நிறுத்தி, விரலால் மேஜையைக் காட்டுகிறாள்.

உன் காகிதம் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்திருக்கிறது. வாட்ச்மேனைக் கேட்டேன். திங்கள்கிழமை மணி அடிப்பதற்கு முன்னாலேயே போர்டுக்கு எதிரில் நின்று அடிவரை படித்தாளாம். சுற்றிலும் பிள்ளைகள் நின்றார்களாம். ஒவ்வொரு குண்டூசியாகப் பிடுங்கி, குண்டூசிகளை அவன் டப்பாவிலேயே போட்டுவிட்டு, காகிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாளாம். அன்று வகுப்பும் எடுத்தாளாம். மேடத்துக்கு ரொம்ப சந்தோஷம் போலிருக்கிறது, வீட்டுக்கே எடுத்துப் போய்விட்டார் என்றான். என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எப்போதும் அழுத்தக்காரிதானே.

மற்றதைத் திரும்ப வாங்கச் சொன்னாய். லிஃப்டில் ஒட்டியதைக் கிழித்துவிட்டேன். பல் ஆஸ்பத்திரியில் பாதிதான் கிடைத்தது, மீதியை ஆட்கள் எடுத்துப் போய்விட்டார்கள். உன் பெருமை அப்படி. அங்கே இருக்கும் நர்ஸ் என் கையைப் பிடித்து ரொம்ப நேரம் விடவே இல்லை. கீழ்வீட்டுக்காரிகூட இப்போது என்னிடம் குரலைத் தாழ்த்திப் பேசுகிறாள். எனக்குக் காது கேட்காது என்பதையே மறந்துவிடுகிறாள். டாக்டர் வீட்டு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

மருந்துக்கடைக்காரர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார். எடுக்க மனசில்லை. பிழை எங்கே என்று அவரையே கேட்டுப் பேனாவால் திருத்திவிடலாம் என்று இருக்கிறேன்.

முதுகுவலிக்காரி வாய் பேசாமல் கிடந்தால் என்ன செய்ய வேண்டும்? உன் படிப்பில் அதற்கு ஏதாவது இருக்கிறதா?

உன்
பாட்டி

*

பிப்ரவரி 16

மகளுக்கு,

நலம். உன் நலம் அறிந்தேன்.

உன் கடிதங்கள் மூன்றும் கிடைத்தன. நீ எழுதியதை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். அதில் பொய் எதுவும் இல்லை. மொழிநடையும் நன்றாக இருக்கிறது. ஆகவே மறுத்து எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

விடுப்புக் கடிதங்களில் கையெழுத்துப் போட்டது நீ என்று எனக்குத் தெரியாது. அந்த வருடம் விடுப்பு எப்படிக் கிடைத்தது என்று நான் யோசித்ததே இல்லை. பள்ளி நிர்வாகம் இப்போது அதைப் பற்றிக் கேட்டிருக்கிறது. பொய்க் கையெழுத்துப் போட்ட மாணவிகளை என் மேஜைக்கு முன்னால் நிற்க வைத்துப் பேசியிருக்கிறேன். அவர்களில் சிலர் அன்று போர்டுக்கு எதிரில் நின்றார்கள்.

உன்னிடம் வருகிறவர்களுக்கு அது பயன்படும் என்று மூன்றாவது கடிதத்தில் எழுதியிருந்தாய். பயன்படட்டும்.

இனி எனக்கு எழுத வேண்டாம். பாட்டிக்கு எழுது. அவருக்குப் பொழுது போக வேண்டும்.

அம்மா

*

மார்ச் 2

அன்புள்ள பாட்டிக்கு,

சுகமாகத்தான் இருக்கிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை அதிகம்.

முதுகுவலிக்காரர்களுக்கு என்ன செய்வது என்று கேட்டீர்கள். நான் சொல்வதை அப்படியே செய்யுங்கள், ஏன் என்று கேட்காதீர்கள்.

ஒரு நாற்காலியைக் கதவுக்கு வெளியே போட்டுக்கொள்ளுங்கள். தினமும் ஒரே நேரத்தில் உட்காருங்கள். எழுந்திரு, குளி, நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று எதுவும் சொல்ல வேண்டாம். உனக்கு என்ன குறை என்று மட்டும் கேட்கவே கேட்காதீர்கள். உங்கள் பாட்டுக்குக் கடைக்குப் போனது, லிஃப்ட் நின்றது, கீழ்வீட்டம்மா சொன்னது என்று பேசுங்கள். பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். பேச ஒன்றுமில்லை என்றால் சும்மா இருங்கள், ஆனால் அங்கேயே இருங்கள்.

வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும் உங்கள் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். அம்மா குளியலறையில் அதிக நேரம் இருந்தால் கதவைத் தட்டுங்கள். மாமாவிடம் சொல்லி ஒரு நல்ல டாக்டரை வீட்டுக்கே வரச் சொல்லியிருக்கிறேன். அவர் முதுகைப் பற்றிக் கேட்க மாட்டார். ஆச்சரியப்படாதீர்கள்.

இதையெல்லாம் எத்தனையோ குடும்பங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு மட்டும் மூன்றாவது தடவையாகத் திருத்தி எழுதுகிறேன்.

மருந்துக்கடையில் இருப்பதைத் திருத்த வேண்டாம் பாட்டி. கிழித்துப் போட்டுவிடுங்கள்.

உங்கள்
வாயாடி

*

ஏப்ரல் 12

பேத்திக்கு,

உயிரோடு இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்?

ஒரு மாதத்துக்கு மேலாக எழுதவில்லை. எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன்.

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே மருந்துக்கடைக்குப் போய்விட்டேன். கண்ணாடிக்கு அடியில் இருப்பதில் பிழை எங்கே என்று காட்டச் சொன்னேன். அவர் தயங்கினார். கூட்டம் போகட்டும் என்றார். நான் உட்கார்ந்து இருந்தேன். பிறகு என் வலது காது பக்கம் வந்து, ஒவ்வொரு வரியாகப் படித்து நம் மொழியில் சொன்னார். கடைசி வரைக்கும் சொல்லிவிட்டு, “பிழை ஒண்ணும் இல்லம்மா” என்றார். அடியில் நான் எழுதியிருந்ததையும் படித்தார். அதிலும் பிழை இல்லை.

போனில் கேட்டவர்களிடம் அம்மா குளிக்கிறார் என்று சொன்னதாக எழுதியிருக்கிறாய். வேறு யார் கேட்டார்கள்? நான்தான் கேட்டேன். அப்போது எனக்குக் காது கேட்டது. இப்படி நாள் முழுக்கக் குளித்தால் மீனாகத்தான் பிறப்பாள் உன் அம்மா என்று சொன்னேன். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன்.

முதுகுவலி என்றே எழுதியிருக்கலாமே கண்ணு. படிக்கிறவர்களுக்கு அது போதாதா?

நீ சொன்னபடி நாற்காலி போட்டேன். காலையில் அவள் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்துக்கு உட்காருகிறேன். கடைக்குப் போனது, லிஃப்ட் நின்றது எல்லாம் சொல்கிறேன். உள்ளே இருந்து பதில் வந்தாலும் எனக்குக் கேட்காது, அதனால் வரவில்லை என்று வருத்தப்படவும் முடியவில்லை. நடுவில் எழுந்துபோய்க் கதவில் கை வைத்துப் பார்க்கிறேன். நடந்தால் கதவு லேசாக அதிரும். சில நாள் அதிர்கிறது.

டாக்டர் வந்தார். நீ சொன்னது போல முதுகைப் பற்றிக் கேட்கவில்லை. மாத்திரைகள் என்னிடம்தான் இருக்கின்றன. தலையணை உயர்ந்து கழுத்து வலிக்கிறது.

கடைக்காரர் படித்துச் சொன்னதை அவளிடம் நான் சொல்லவில்லை. என்ன சொல்வது? ஒவ்வொரு காகிதத்தின் அடியிலும் நிறுத்தி நிதானமாக எழுதினேன், எழுத்து கோணக் கூடாது என்று.

பாட்டி

*

ஏப்ரல் 25

அன்புள்ள பாட்டிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதிவிட்டு, அடித்துவிட்டு, மறுபடியும் எழுதுகிறேன். நன்றாக இருக்கிறேன்.

நீங்கள் ஒன்றும் செய்யவில்லை. பேத்தியைப் பற்றி நாலு பேருக்குச் சொன்னீர்கள். எழுதியவள் நான். அந்தப் பக்கத்திலிருந்து அந்த வரிகளை எடுத்துவிட்டேன். இப்போது அதில் படிப்பு மட்டும்தான் இருக்கிறது.

அதை எழுதி யாருக்கு என்ன பயன் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். போன வருடம் ஒரு பெண் வந்தாள். பள்ளிப் பெண். குளிர்ச்சட்டையின் தொப்பியை முகம் வரைக்கும் இழுத்துவிட்டு உட்காருவாள். வாரா வாரம் வந்து பேசாமல் போவாள். ஒருநாள் ஒரு படத்துண்டைப் பொருத்திக்கொண்டே, “நீங்களும் கதவுக்கு வெளிய உக்காந்திருந்தீங்களா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “அதைப் படிச்சுட்டுத்தான் வந்தேன்” என்றாள். அவள் வீட்டிலும் ஒரு கதவு. அன்றைக்குத்தான் அவள் பேச ஆரம்பித்தாள்.

அதனால் எழுதியது தப்பு என்று முழு மனதோடு சொல்ல முடியவில்லை பாட்டி. தப்பில்லை என்றும் சொல்ல முடியவில்லை. இன்னொருவர் இப்படி வந்து என்னிடம் சொன்னால் நான் என்ன கேட்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். யாரிடம் கேட்டுவிட்டு எழுதினீர்கள் என்று கேட்பேன்.

மே மாதம் நடுவில் வருகிறேன். அம்மாவிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள். திடீரென்று போய் நிற்கக் கூடாது.

உங்கள்
பேத்தி

*

மே 3

கண்ணுக்கு,

இருக்கிறோம். வா.

நீ வருவதைக் கதவுக்கு வெளியே நின்று சத்தமாகவே சொன்னேன், கீழ்வீட்டுக்குக்கூடக் கேட்டிருக்கும். சாப்பாடு கொண்டுபோனபோது வா என்றும் கை காட்டவில்லை, வராதே என்றும் காட்டவில்லை. உன் படிப்பில் அதற்கு என்ன அர்த்தமோ, எனக்குத் தெரியாது. உன் பழைய கட்டிலில் துணி மூட்டை கிடந்தது, எடுத்துவிட்டேன். வரும்போது எனக்கென்று எதுவும் வாங்கி வராதே.

பாட்டி

*

மே 30

அன்புள்ள பாட்டிக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? என்னோடு அம்மாவின் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருக்க வேண்டாம் என்று எத்தனை தடவை சொன்னேன், நீங்கள் கேட்கவில்லை.

கடைசி நாள் மதியம் அம்மா உள்ளேயிருந்து பேசினார்கள். கதவுக்கு அடியில் நிழலைப் பார்த்துவிட்டு என்ன சொன்னாள் என்று நீங்கள் கேட்டீர்கள். தூங்குகிறார்கள் என்று உங்கள் காதில் சொன்னேன். அன்று போனில் சொன்னது போல இன்னொரு பொய் ஆகிவிட்டது. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

இரண்டு நாளாக நான் பேசிக்கொண்டிருந்தேன். மெதுவாக, இடைவெளி விட்டு, பதிலை எதிர்பார்க்காமல். உங்களுக்கு எழுதினேனே, அப்படித்தான். அம்மா கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றது நிழலில் தெரிந்தது. திறக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

“உன்கிட்ட வர்றவங்ககிட்ட பேசுற குரல்ல என்கிட்ட பேசாத” என்றார்கள்.

எனக்கு வேறு குரல் இல்லை பாட்டி. அப்போதுதான் தெரிந்தது. தேடிப் பார்த்தேன், வரவில்லை. கடைசியில் ஏதோ ஒன்று வந்தது. “அப்ப எனக்குப் பதிமூணு வயசும்மா” என்றேன். அது என் அறைக்கு வரும் பிள்ளைகளின் குரல் மாதிரி இருந்தது.

அதற்கு அவர்கள், “தெரியும். வீட்டுப்பாடம் எழுதுற சத்தம் கேட்கும். பேனா கீறுற சத்தம். நீ எழுந்து போற வரைக்கும் மூச்சை அடக்கிட்டுப் படுத்திருப்பேன்” என்றார்கள்.

அவ்வளவுதான். நிழல் போய்விட்டது. நான் இத்தனை வருடம் அங்கே துணைக்கு உட்கார்ந்திருந்ததாக நினைத்தேன். அதை வைத்துத்தான் படித்தேன், அதை வைத்துத்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களோ நான் எப்போது எழுந்து போவேன் என்று காத்திருந்திருக்கிறார்கள்.

இங்கே வந்த பிறகு ஒரு வாரமாக என்னிடம் வருகிறவர்கள் யாரையும் பார்க்கவில்லை. அந்தத் தொப்பிப் பெண்ணை இன்னொரு ஆலோசகரிடம் அனுப்பிவிட்டேன். ஏன் என்று போனில் கேட்டாள். எனக்கு உடம்பு சரியில்லை என்றேன். எங்கே என்று கேட்டாள். முதுகு என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை, ஆனால் வந்தது.

நாற்காலியைக் கதவை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள். முன்பு நான் சொன்னது சரியா என்று இப்போது எனக்குத் தெரியவில்லை. மாத்திரை விஷயம் மட்டும் சரி. அதை விட்டுவிடாதீர்கள்.

உங்கள்
பேத்தி

*

ஜூலை 14

என் கண்ணுக்கு,

நீ சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் எழுது. இங்கே நான் சாப்பிடுகிறேன். உன் அம்மாவும் பாதி சாப்பிடுகிறாள்.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நாற்காலியைத் தள்ளிப் போட்டேன். இப்போது சமையலறை வாசலில் உட்காருகிறேன். அங்கிருந்து பார்த்தால் அவள் கதவு பாதிதான் தெரியும். அவளுக்கும் என் செருப்பு தெரியாது.

வேலையை விட்டுவிட்டாள். விலகல் கடிதத்தை ஒரே பக்கத்தில் எழுதி, உறையில் போட்டு, சாப்பாட்டுத் தட்டின் அடியில் வைத்திருந்தாள். நான்தான் பள்ளிக்குக் கொண்டுபோனேன். வாட்ச்மேன் வாங்க மறுத்தான். மேடம் வந்து அவர்களே கொடுக்கட்டும் என்றான். அப்புறம் வாங்கிக்கொண்டான். திரும்பும்போது இரண்டு பிள்ளைகள் ஓடி வந்து என்னவோ கேட்டார்கள், எனக்குக் காதில் விழவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தேன். எதற்கு ஆமாம் சொன்னேனோ தெரியவில்லை. அவள் அறைப் பெயர்ப்பலகையில் வேறொருத்தி பெயர் எழுதியாகிவிட்டது.

டாக்டர் மாதம் ஒரு தடவை வருகிறார். அதே மாத்திரைதான். இன்னும் நாளாகும் என்கிறார். எத்தனை நாள் என்று கேட்டால் பேனாவை மூடுகிறார். உன் மாமா இனிமேல் இப்படித்தான் என்று சொல்லிவிட்டுப் போனான். அவனைத் திட்டினேன்.

நேற்று விடிகிற நேரம். அவள் குளியலறைக்குப் போய்விட்டுத் திரும்பினாள். நான் தட்டலாமா என்று எழுந்திருந்தேன், அதற்குள் வந்துவிட்டாள். எப்போதும் சுவரைப் பார்த்துக்கொண்டு போவாள். நேற்று நின்றாள். பக்கத்தில் வந்து குனிந்தாள். தலை வாரி எத்தனை நாளாயிற்றோ. என் வலது காதில், “முடியை வெட்டிட்டாளா?” என்று கேட்டாள்.

நீ டாக்ஸி ஏறும்போது ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். மாடியிலிருந்து உச்சந்தலைதான் தெரிந்திருக்கும். ஆமாம், கழுத்து வரைக்கும்தான் விட்டிருக்கிறாள் என்றேன். நல்லாயிருக்கா என்றாள். நல்லாயிருக்கு என்றேன். எப்படி நல்லாயிருக்கு என்று கேட்பது போல அப்படியே நின்றாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீ இங்கே இருந்த நாளெல்லாம் நான் உன் முகத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லை கண்ணு, கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தினாள். இன்றைக்கு எதுவும் இல்லை. விரலால்கூட எதையும் காட்டவில்லை.

இதை வைத்துக்கொண்டு நீ அங்கே கோட்டை கட்டாதே. நான் கட்டவில்லை. நாளைக்கே கேட்டதை மறந்திருப்பாள், அல்லது கேட்டதற்காகவே இன்னும் உள்ளே போய்விடுவாள்.

ஆனாலும் உன் புதுப் போட்டோ ஒன்றைத் தபாலில் அனுப்பு. அலுவலகத்துக்கென்று எடுத்தது வேண்டாம். பின்னால் புத்தக அலமாரி, பக்கத்தில் நாற்காலி எதுவும் வேண்டாம். முகமும் முடியும் தெரிந்தால் போதும். சிரிக்க வரவில்லை என்றால் சிரிக்காதே. அடியில் நான் ஒரு எழுத்தும் எழுத மாட்டேன். யாருக்கும் காட்டவும் மாட்டேன். அவள் கேட்கவில்லை, நானாகத்தான் கேட்கிறேன். எடுத்துப் பார்ப்பாளா, அப்படியே தரையில் கிடக்குமா, தெரியாது.

அட்டையில் ஒட்டி அனுப்பாதே. அந்தக் கதவுக்கு அடியில் இடைவெளி கொஞ்சம்தான் இருக்கிறது.

உன்
பாட்டி